வாங்கும்போது பூத்த பீஸ் லில்லி வீட்டில் ஏன் பூப்பதில்லை?

நர்சரியில் ஆறேழு வெள்ளைப் பூக்களோடு நின்ற செடி. வீட்டுக்கு வந்த ஒன்றிரண்டு மாதத்தில் அந்தப் பூக்கள் பச்சையாகி, பழுத்து, வாடின. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம், இரண்டு வருடம் ஆகியும் இலை மட்டும்தான் வருகிறது. செடிக்கு நோய் எதுவும் இல்லை. தண்ணீர் தவறவில்லை. உரமும் போட்டாயிற்று. பீஸ் லில்லி வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் நின்றுபோகிறார்கள். தங்கள் கைராசியில் ஏதோ குறை என்றுகூட நினைத்துக்கொள்கிறார்கள்.

குறை கையில் இல்லை. விற்பனைக்கு வரும் பீஸ் லில்லிகளில் பெரும்பாலானவை தானாகப் பூத்தவை அல்ல. ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியை இலைமேல் தெளித்துப் பூக்க வைக்கப்பட்டவை. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் அபோப்கா என்ற ஊர் இருக்கிறது. வீட்டுக்குள் வைக்கும் இலைச்செடிகளை வளர்ப்பதே அந்த வட்டாரத்தின் பெருந்தொழில். அங்குள்ள ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வு மையத்தில் பணியாற்றிய ஹென்னி, ‘மௌனா லோவா’ என்ற பீஸ் லில்லி ரகத்தை இந்த அமிலத்தால் பூக்க வைக்கலாம் என்று 1981இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பண்ணைகள் அதைப் பிடித்துக்கொண்டன. இன்று 250 பிபிஎம் அளவில், அதாவது பத்து லட்சம் பங்கு நீரில் 250 பங்கு என்ற அளவில், ஒரே ஒரு தெளிப்பு போதும். 9 முதல் 12 வாரத்தில் ஒரு கொட்டகைச் செடிகள் மொத்தமும் ஒன்றாகப் பூக்கும். வண்டி ஏற்றும் தேதிக்குப் பூ தயாராக இருக்கும்.

அப்படி வந்த பூ ஒரு சுற்றோடு முடிந்துவிடும். அடுத்த பூவைச் செடி தன் சொந்த பலத்தில்தான் கொடுக்க வேண்டும். சொந்த பலம் என்றால் வெளிச்சத்தில் இலை சமைத்துச் சேர்த்த சர்க்கரை. வீட்டில் குறைவது பெரும்பாலும் அதுதான். மற்ற எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டு வெளிச்சத்தை மட்டும் விட்டுவிட்டால் பூ வராது. வெளிச்சத்தைச் சரிசெய்துவிட்டால் மற்றவற்றில் சிறு பிசகு இருந்தாலும் பூ வந்துவிடும்.

நாம் பூ என்று சொல்வதும் உண்மையில் பூ அல்ல. வெள்ளையாக விரிவது பாளை. தென்னம்பாளை எப்படிப் பூங்கொத்தைப் பொத்தி வைத்திருக்கிறதோ, அதே வேலையை இங்கே இந்த வெள்ளை மடல் செய்கிறது. நடுவில் சோளக்கதிர் போல நிற்கிறதே, அதன்மேல் புள்ளி புள்ளியாக ஒட்டியிருப்பவைதான் பூக்கள். சேனை பூத்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும். பீஸ் லில்லி, சேனை, கருணை, சேம்பு, மணி பிளான்ட் எல்லாம் ஒரே குடும்பம். பெயரில் லில்லி இருந்தாலும் அல்லிக்கும் லில்லிக்கும் இதற்கும் உறவே இல்லை. கருணைக்கிழங்கு நாக்கை அரிக்கக் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இதன் இலையிலும் தண்டிலும் உண்டு. ஆகவே தவழும் குழந்தையும் இலை கடிக்கும் பூனையும் உள்ள வீட்டில் தொட்டி எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

நிழல்செடி என்ற பெயரால் வந்த வினை

இந்தச் செடியின் பிறப்பிடம் கொலம்பியா, வெனிசுவேலா பக்கத்து மழைக்காடுகள். பெரிய மரங்களுக்கு அடியில், ஓடைக்கரை ஈரத்தில் வளர்கிறது. அதனால் ‘நிழல்செடி’ என்கிறார்கள். சொன்னதில் தப்பில்லை. ஆனால் காட்டு நிழல் வேறு, ஹால் மூலையின் இருட்டு வேறு. மர நிழலில் நின்று அண்ணாந்து பார்த்தால் இலை இடுக்குகளில் வானம் தெரியும். பகல் முழுக்க, நாலா பக்கமிருந்தும், மிதமான வெளிச்சம் இறங்கிக்கொண்டே இருக்கும். சோபாவுக்குப் பின்னால் வைத்த தொட்டிக்கு வானமே தெரியாது. நம் கண் இருட்டுக்குச் சீக்கிரம் பழகிக்கொள்வதால் அந்த மூலை நமக்கு வெளிச்சமாகத் தோன்றுகிறது.

கண்ணை நம்பாமல் அளந்து பாருங்கள். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். கைபேசியில் லக்ஸ் மீட்டர் செயலியை இறக்கிக்கொள்ளலாம். உணரி பெரும்பாலும் திரைப்பக்கம் மேல்விளிம்பில், முன்கேமராவை ஒட்டி இருக்கும். இலை இருக்கும் உயரத்தில், திரை ஜன்னலைப் பார்க்கும்படி பிடித்து, காலை 9, பகல் 12, மாலை 4 என மூன்று முறை குறித்துக்கொள்ளுங்கள். கைபேசி அளவு துல்லியமாக இருக்காது. நமக்குத் தேவை ஆயிரமா, நூறா என்ற வித்தியாசம் மட்டுமே, அதற்கு இது தாராளம். ஹாலின் உள்மூலைகளில் 50 முதல் 150 லக்ஸ்தான் காட்டும். 500 லக்ஸுக்குக் கீழே செடி உயிரோடு இருக்கும், இலை விடும், பூக்காது. 1000 லக்ஸில் வருடத்துக்கு ஒன்றிரண்டு பூ எட்டிப் பார்க்கலாம். நாளுக்கு 10 மணி நேரமாவது 2000 முதல் 5000 லக்ஸ் கிடைக்கும் இடத்தில்தான் நம்பிப் பூவை எதிர்பார்க்கலாம். பண்ணைகளில் நிழல்வலைக்குக் கீழேயே 15,000 லக்ஸுக்கு மேல் வாங்கி வளர்ந்த செடி அது. அதை நினைவில் வைத்தால், நம் வீட்டு மூலை அதற்கு எவ்வளவு பட்டினி என்பது விளங்கும்.

செயலி இல்லாவிட்டாலும் வழி உண்டு. நண்பகலில் செடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, ஓர் அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும் நிழல் விழுந்தால் இடம் நல்லது. கலங்கலான நிழல் என்றால் சுமார். நிழலே விழவில்லை என்றால் அங்கே பூவை எதிர்பார்க்க வேண்டாம்.

ஜன்னலிலிருந்து எவ்வளவு தூரம் என்பது பலர் கவனிக்காத விஷயம். ஜன்னலை ஒட்டி 3000 லக்ஸ் இருக்கும் இடத்திலிருந்து தொட்டியை ஒரு மீட்டர் உள்ளே தள்ளினாலே பாதிக்கும் கீழே போய்விடும், இரண்டு மீட்டரில் சில நூறுக்கு வந்துவிடும். கொசுவலை, சன்ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி, மேலே நீளும் சன்ஷேடு, எதிர்வீட்டுச் சுவர் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்றுவிடுகின்றன. கொசுவலையில் படியும் தூசியைத் தட்டிக் கழுவினாலே மீட்டரில் எண் ஏறுவதைப் பார்க்கலாம். இலைமேல் படியும் தூசியும் அப்படித்தான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் இலையின் இரு பக்கமும் துடையுங்கள். பளபளப்புக்காக விற்கும் ஸ்பிரே வேண்டாம், தேங்காய் எண்ணெயும் வேண்டாம். இரண்டும் இலையின் மூச்சுத்துளைகளை அடைக்கும்.

எந்தத் திசை ஜன்னல் நல்லது? கிழக்கு ஜன்னலில் முதல் இரண்டு மணி நேர இளவெயில் நேராகவே படலாம், கெடுதல் இல்லை. மேற்கு ஜன்னலில் மூன்று மணி வெயில் இலையை வெளுக்க வைத்துவிடும், அங்கே வெள்ளை மெல்லிய திரைச்சீலை கட்டாயம். வடக்கும் தெற்கும் நம் ஊரில் ஆண்டுக்குள்ளேயே இடம் மாறிக்கொள்கின்றன. குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளில் ‘வடக்கு ஜன்னலில் வெயிலே வராது’ என்று இருக்கும். சென்னையில் அப்படி இல்லை. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவெயில் தலைக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலில் காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக உள்ளே வரும், தெற்கு ஜன்னலில் நேர்வெயில் இருக்காது. நவம்பர், டிசம்பர், ஜனவரியில் இது தலைகீழ். தெற்கு ஜன்னலில் பகல் முழுக்க வெயில், வடக்கில் வானவெளிச்சம் மட்டும். தமிழ்நாட்டின் தென்கோடிக்குப் போகப் போக வடக்கே வெயில் விழும் காலம் இன்னும் நீளும். ஆகவே ஆண்டுக்கு இரண்டு முறை தொட்டியை ஒரு ஜன்னலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது வீண்வேலை அல்ல.

இருட்டில் பழகிய செடியை ஒரே நாளில் வெளிச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். பழைய இலைகள் மெல்லியவை, திடீர் வெளிச்சத்தில் வெளுத்துத் திட்டுத்திட்டாகக் கருகும். வாரத்துக்கு ஓர் அடியாக ஜன்னலை நோக்கி நகர்த்துங்கள். மூன்று நான்கு வாரத்தில் இடம் சேர்ந்துவிடும். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்பினால் செடி ஒரு பக்கம் சாயாது.

ஜன்னலே சரியில்லாத ஃபிளாட்டில் குழல்விளக்கு கைகொடுக்கும். செடிவிளக்கு என்று ஊதா நிறத்தில் விற்பதை வாங்க வேண்டிய தேவை இல்லை. சாதாரண 20 வாட் எல்இடி டியூப், 4 அடி நீளம், வெள்ளை ஒளி, அது போதும். இலைநுனிக்கு மேலே 30 முதல் 40 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிடுங்கள். ஒரு டியூப் அந்த உயரத்தில் சுமார் 2000 லக்ஸ் தரும். இரண்டு டியூப் அருகருகே இருந்தால் கவலை இல்லை. நாளுக்கு 12 மணி நேரம் எரிந்தால் ஒரு டியூபுக்கு மாதம் 7.2 யூனிட் ஆகும். மறக்காமல் இருக்க டைமர் பிளக் ஒன்று போட்டுவிடுங்கள். கூரையில் 9 அடி உயரத்தில் எரியும் டியூபால் பயன் இல்லை. விளக்கின் அருமை அது எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதில்தான்.

இடம் மாற்றிய பிறகு பலர் மூன்று வாரத்தில் பொறுமை இழந்து மறுபடியும் இடத்தை மாற்றுகிறார்கள். ஊக்கி தெளித்த செடிக்கே மொட்டு உருவாகி விரிய 9 முதல் 12 வாரம் ஆகிறது. அதாவது தண்டின் நுனியில் பூவுக்கான முடிச்சு விழுவதற்கும் பாளை விரிவதற்கும் நடுவே அவ்வளவு காலம் தேவை. பட்டினி கிடந்த செடி முதலில் இரண்டு மூன்று நல்ல இலைகளை விட்டுக் கையிருப்பு சேர்த்த பிறகே அந்த முடிச்சுக்கு வரும். எனவே நான்கு, ஐந்து மாதம் ஒரே இடத்தில் விடுங்கள். புது இலையின் காம்பு முந்தையதைவிடக் குட்டையாகவும் தடிப்பாகவும் வந்தால் வெளிச்சம் போதுமானது என்று பொருள். காம்பு நீண்டு, இலை மெலிந்து சாய்ந்தால் இன்னும் பற்றவில்லை.

தொட்டியும் கலவையும்

வேர் நெருக்கமாக இருந்தால்தான் பூக்கும் என்பதில் பாதி உண்மை உண்டு. பெரிய தொட்டியில் வைத்தால் செடி முதலில் வேரையும் பக்கக்கன்றுகளையும் பெருக்கும், பூ தள்ளிப்போகும். வேர் எட்டாத கலவை நாள்கணக்கில் ஈரமாகக் கிடந்து அழுகலும் வரும். அதற்காக வேர் தொட்டியைப் பிதுக்கும் அளவுக்கு விட்டால், காலையில் ஊற்றிய தண்ணீர் மாலையில் தீர்ந்து செடி தினமும் துவளும். துவண்டு துவண்டு எழும் செடியில் மொட்டு உறைக்குள்ளேயே கருகும். 10, 15 இலை உள்ள செடிக்கு 6 அங்குலத் தொட்டி, அடுத்தது 8 அங்குலம். ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். மொட்டு தெரியும் நேரத்தில் தொட்டியைத் தொடாதீர்கள்.

நர்சரித் தொட்டியில் இருப்பது பெரும்பாலும் ஒரே செடி அல்ல, மூன்று முதல் ஐந்து நாற்றுகள் சேர்த்து நட்டவை. அதைப் பிரித்து ஐந்து தொட்டி ஆக்கலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். பிரித்தால் அடுத்த ஆறு மாதத்துக்குப் பூவை மறந்துவிடுங்கள். பிரித்தே தீர வேண்டும் என்றால் தொட்டிக்கு மூன்று குருத்தாவது சேர்ந்து இருக்கட்டும்.

கலவைக்கு அளவு: கழுவிய கோகோபீட் (தென்னை நார்த்துகள்) 4 பங்கு, பெர்லைட் (வெள்ளையாக, லேசாக இருக்கும் பொரிந்த கல்துகள்) 2 பங்கு, நன்கு மக்கிய மண்புழு உரம் 2 பங்கு, தேங்காய்மட்டைத் துண்டு அல்லது உடைத்த அடுப்புக்கரி 2 பங்கு. செம்மண் வேண்டாம், வீட்டுக்குள் அது இறுகிக் கட்டியாகிவிடும். கோகோபீட்டைக் கழுவுவதைச் சோம்பல்பட்டு விட்டுவிடக் கூடாது. கடலோர மட்டையில் உப்பு ஏறியிருக்கும். வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீர் தேநீர் நிறம் மாறித் தெளியும்வரை மூன்று முறையாவது அலசுங்கள்.

தண்ணீரில் இருக்கும் உப்பு

இலைநுனி பழுப்பாவதைப் பார்த்தவுடன் தண்ணீர் பற்றவில்லை என்று இன்னும் ஊற்றுவார்கள். பெரும்பாலும் காரணம் உப்பு. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்த உப்பு ஒவ்வொரு முறையும் தொட்டியிலேயே தங்குகிறது. தண்ணீர் ஆவியாகிறது, உப்பு ஆவதில்லை. அது சேர்ந்து சேர்ந்து முதலில் இலைநுனியையும், பிறகு இளவேரையும், கடைசியில் மொட்டையும் சுடுகிறது. நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 300 பிபிஎம்முக்குக் கீழே இருக்கும் நீர் நல்லது. 800க்கு மேல் என்றால் இந்தச் செடிக்கு அதை மட்டுமே நம்ப முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடும் அதிகம், அதுவும் இலைநுனியைக் கருக்கும். சூப்பர் பாஸ்பேட் உரத்திலும் ஃபுளோரைடு கலந்திருப்பதால் அதை இந்தத் தொட்டிக்குப் போட வேண்டாம்.

மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. அடுத்தது ஏசியிலிருந்து சொட்டும் நீர். காற்றின் ஈரம் குளிர்ந்து விழுவதால் அதில் உப்பு மிகக் குறைவு, ஒரு குடம் வைத்துப் பிடித்துக்கொள்ளலாம். ஆர்ஓ சுத்திகரிப்பானின் நல்ல நீரைக் கிணற்று நீரோடு பாதிக்குப் பாதி கலக்கலாம். அதே கருவியின் கழிவுநீரை மட்டும் ஊற்றவே கூடாது. வீணாகிறதே என்று பல வீடுகளில் செடிக்கு ஊற்றுவது அந்த நீரைத்தான், உப்பு முழுவதும் திரண்டிருப்பதும் அதில்தான். தென்னை தாங்கும், பீஸ் லில்லி தாங்காது.

எப்போது ஊற்றுவது? விரலை இரண்டு சென்டிமீட்டர் உள்ளே விடுங்கள், அங்கே காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். அல்லது தொட்டியைத் தூக்கிப் பார்த்தே எடையில் பழகலாம், இதுதான் தவறாத வழி. ஊற்றினால் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றி, தட்டில் நின்ற நீரைக் கொட்டிவிடுங்கள். மாதம் ஒருமுறை தொட்டியைக் குளியலறைக்கு எடுத்துப்போய், தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று நான்கு மடங்கு நல்ல நீரை மெதுவாக ஓடவிட்டால் சேர்ந்த உப்பு இறங்கிவிடும்.

மண் ஈரமாக இருக்கும்போதே செடி துவண்டால் அது தாகம் அல்ல, வேரழுகல். உடனே கவிழ்த்து, கறுத்துக் கொழகொழத்த வேர்களை வெட்டி, புதுக் கலவையில் சிறிய தொட்டிக்கு மாற்றுங்கள். பாதிக்கு மேல் வேர் போயிருந்தால் இலையிலும் பாதியைக் குறையுங்கள். இல்லாவிட்டால் மிஞ்சிய வேரால் இலைகளுக்குத் தண்ணீர் ஏற்ற முடியாது.

உரம்

பூ வரவில்லை என்றதும் முதலில் கை போகும் இடம் உரக்கடை. உரம் வெளிச்சத்தின் இடத்தை நிரப்பாது. தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 கரையும் உரம் லிட்டருக்கு அரை கிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஈரமாக இருக்கும் கலவையில் மட்டும். இரண்டு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய கால் டீஸ்பூன் என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஏறக்குறையச் சரியாக வரும். பீஸ் லில்லிக்கு மக்னீசியம் தேவை அதிகம். அடியிலைகளின் ஓரம் மஞ்சளாகி, நடுநரம்பை ஒட்டி மட்டும் பச்சை மிஞ்சினால் அந்தக் குறைதான். மாதம் ஒருமுறை லிட்டருக்கு கால் டீஸ்பூன் எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) கரைத்து ஊற்றுங்கள். 1000 லக்ஸுக்குக் கீழே இருக்கும் செடிக்கு இந்த உர அளவிலும் பாதி போதும். தின்ன முடியாத உரம் தொட்டியில் உப்பாகத்தான் தங்கும்.

‘பூ உரம்’ என்று விற்கும், பாஸ்பரஸ் மிகுந்த 0:52:34 போன்றவற்றில் இந்தச் செடிக்குப் பலன் இல்லை. பாஸ்பரஸ் பூவை வரவழைப்பதில்லை. கூடிப்போனால் இரும்புச்சத்தை வேர் எடுக்கவிடாமல் தடுத்து இளம் இலைகளை வெளுக்க வைக்கும். கடலைப்புண்ணாக்குக் கரைசல் தோட்டத்துக்கு நல்லது. வீட்டுக்குள் அது நாற்றத்தையும் பூஞ்சை ஈக்களையும் கொண்டுவரும், தழைச்சத்து மிகுந்து இலைதான் பெருக்கும். வாழைப்பழத்தோல் ஊறிய நீர், வெங்காயத்தோல் ஊறிய நீர் எல்லாம் ஈக்களுக்குத்தான் விருந்து.

வெப்பநிலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 18 முதல் 30 டிகிரி வரை செடிக்கு வசதி. 24இல் ஓடும் ஏசி அறையில் சுகமாக இருக்கும், ஆனால் ஏசியின் காற்று நேராக இலைமேல் படக்கூடாது, பட்டால் மொட்டு காய்ந்துவிடும். ஊட்டி, கொடைக்கானலில் இரவு 13 டிகிரிக்குக் கீழே போகும் மாதங்களில் வளர்ச்சி நின்றுபோகும். சமவெளியில் மார்கழி, தை மாத இரவுக்குளிர் தணிந்த பிறகு ஒரு பூச்சுற்று வருவது வழக்கம். எனவே இடம் மாற்றுவதை ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கினால் காலம் நம் பக்கம் இருக்கும்.

வீட்டில் ஜிப்ரலிக் அமிலம் தெளிக்கலாமா?

தெளிக்கலாம். வெளிச்சம் சரியாக உள்ள, 10 இலைக்கு மேல் உள்ள, ஒரு வயது கடந்த செடிக்கு மட்டும். இருட்டில் பட்டினி கிடக்கும் செடிக்குத் தெளித்தால் கையிருப்பைச் செலவழித்து இரண்டு மெலிந்த பூவைக் கொடுத்துவிட்டு, பல மாதம் சோர்ந்துவிடும். நேரமும் வெளிச்சமும் கொடுக்க முடிந்த வீட்டில் இது தேவையே இல்லை என்பதுதான் எங்கள் தீர்மானமான கருத்து. செய்துபார்க்க விரும்புவோருக்காகக் கணக்கைச் சரியாகத் தருகிறோம், ஏனென்றால் தவறுவது கணக்கில்தான்.

உரக்கடையில் சுலபமாகக் கிடைக்கும் திரவத்தில் ஜிப்ரலிக் அமிலம் 0.001 சதவீதம் என்று எழுதியிருக்கும். அது வெறும் 10 பிபிஎம். தண்ணீரே கலக்காமல் முழுப் புட்டியைத் தெளித்தாலும் நமக்கு வேண்டிய 250ஐ எட்டாது. வேண்டியது 90 சதவீதப் பொடி. திராட்சைத் தோட்டக்காரர்கள் வாங்கும் கடைகளில் ஒரு கிராம் பொட்டலமாகக் கிடைக்கும். இது தண்ணீரில் எளிதில் கரையாது. மருந்துக்கடையில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் வாங்கி, 36 மில்லியில் ஒரு கிராம் பொடியைக் கரையுங்கள். இந்த மூலக்கரைசலில் 1 மில்லியை ஊசிக்குழலால் அளந்து 100 மில்லி நீரில் விட்டால் 250 பிபிஎம். நீர் உப்பில்லாததாக, குளிர்ந்ததாக இருக்கட்டும். காரத்தன்மை உள்ள கிணற்று நீரிலும் சுடுநீரிலும் அமிலம் சிதைந்துவிடும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி சேர்த்தால் இலையில் ஒட்டும்.

6 அங்குலத் தொட்டிச் செடி ஒன்றுக்கு 50 முதல் 75 மில்லி. வெயில் இறங்கிய பிறகு, இலையின் இரு பக்கமும், குருத்தும் நனையும்படி ஒரே முறை. கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். கலந்த நீரை அன்றே தீர்த்துவிடுங்கள். மிஞ்சிய மூலக்கரைசலைப் பெயர் எழுதி, உணவுப்பொருள் இல்லாத இடத்தில் பூட்டி வையுங்கள். மூன்று மாதத்தில் பூ வரும். அளவு கூடினால், அல்லது வரவில்லையே என்று மறுபடி தெளித்தால், காம்புகள் நீண்டு துவளும், இலை குறுகும், பாளை முறுக்கிக்கொண்டும் இரட்டையாக ஒட்டிக்கொண்டும் வரும். அந்தக் கோணல் அடுத்த பல இலைகள்வரை தொடரும்.

ஊக்கியைப் பற்றிப் பேசும்போது மணி பிளான்டையும் சொல்ல வேண்டும், அதுவும் பூக்காதா என்று கேட்பவர்கள் நிறைய. பூக்காது. எவ்வளவு வெளிச்சம் கொடுத்தாலும், மரத்தில் ஏறி இலை முறம்போல ஆனாலும் பூக்காது. செடிக்குள் ஜிப்ரலின் (ஜிப்ரலிக் அமிலம் இந்த வகை ஊக்கிதான்) தயாரிக்கும் மரபணு ஒன்று சரிவர வேலை செய்யாததே காரணம் என்று 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வெளியிலிருந்து அந்த ஊக்கியைக் கொடுத்தபோது பூத்தது. அதற்கு நேர்மாறு அன்னாசிக் குடும்பத்துச் செடிகள். பழுத்த ஆப்பிள் அல்லது வாழைப்பழத்தோடு செடியைப் பிளாஸ்டிக் பைக்குள் ஒரு வாரம், பத்து நாள் மூடிவைத்தால், பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயுவால் அவை பூக்கும். இந்த ஆப்பிள் வித்தையைப் பீஸ் லில்லிக்குச் செய்யாதீர்கள். எத்திலீன் இதற்குப் பூவைத் தராது, இலையைத்தான் பழுக்க வைக்கும்.

மொட்டு வந்த பிறகு

புதுக் குருத்து எழும்போது அது இலையா மொட்டா என்று ஆவலாக இருக்கும். இலைக்குருத்து உருண்டையாகச் சுருண்டு, ஒரே சீரான பச்சையில், நேராக ஈட்டிபோல வரும். மொட்டு இலைக்காம்பின் உறையைப் பிளந்துகொண்டு, வெளிர் நிறத்தில், நடுவில் கதிர் இருப்பதால் லேசாகப் புடைத்து வரும். விரலால் மென்மையாகத் தொட்டால் உள்ளே கெட்டியாக ஒன்று தட்டுப்படும். உரித்துப் பார்க்க வேண்டாம்.

உறையைவிட்டு வெளியே வருமுன்பே மொட்டு பழுப்பானால் உப்பையும் தாகத்தையும் முதலில் சந்தேகியுங்கள். பாளை வெள்ளையில் பழுப்புக் கோடுகளோடு, வெள்ளித்திட்டுகளோடு வந்தால் இலைப்பேன். உறை இடுக்கில் பஞ்சு ஒட்டியதுபோல இருந்தால் மாவுப்பூச்சி. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் ஒரு மில்லி சோப்புத்திரவமும் கலந்து இலையிலும் இடுக்கிலும் மாலையில் தெளியுங்கள். விரிந்த பாளைமேல் படவேண்டாம், கறை போகாது. பாளை சிறியதாகவும் விரியும்போதே பச்சை பாய்ந்தும் வந்தால் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் வேண்டும். ‘சென்சேஷன்’ போன்ற பேரிலை ரகமும், ‘டோமினோ’ போன்ற வெள்ளைத்திட்டு ரகமும் இயல்பிலேயே பூ குறைவானவை. பூவுக்காகவே வாங்குவதென்றால் சிறிய இலை ரகத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பூ விரிந்த பிறகு தொட்டியைக் கொஞ்சம் உள்ளே, சற்றுக் குளிர்ச்சியான இடத்தில் வைத்து ரசிக்கலாம். பூ நீடிக்கும். மூன்று நான்கு வாரத்துக்குப் பிறகு ஜன்னலுக்கே திருப்பிக் கொண்டுபோங்கள், அடுத்த முடிச்சுக்கு வெளிச்சம் வேண்டும். விரிந்த சில நாளில் கதிரிலிருந்து வெள்ளைப் பொடி உதிர்ந்து கீழ் இலைகளில் படியும். நோய் என்று பயப்பட வேண்டாம், அது மகரந்தம். தும்மல் வருபவர்கள் கதிரை மட்டும் கத்தரித்துவிடலாம், பாளை அப்படியே நிற்கும். பாளை மெல்லப் பச்சையாவது வயதின் அடையாளம். அது இலையைப் போல வேலை செய்யத் தொடங்கிவிட்டது. அழகுக்காக வெட்ட விரும்பினால் வெட்டலாம், இல்லையென்றால் பழுக்கும்வரை விடலாம். பழுப்பாகத் தொடங்கியதும், காம்பை நடுவில் ஒடிக்காமல், இலையுறையை லேசாக விலக்கி, அடிவரை போய்க் கூர்மையான கத்தியால் வெட்டுங்கள். நடுவில் விட்ட காம்பு அழுகி, அந்த அழுகல் பக்கத்துக் குருத்துக்கும் பரவும்.